டிரைவர் ஹாலப்பா, முதலாண்டு பி.எஸ்ஸி.

கர்நாடகத்துச் சாகராவில் நாற்பது பஸ் ஓட்டும் கம்பெனி ஒன்றில் ஹாலப்பா இருபத்தொன்பது வருஷம் டிரைவராக இருந்தார். அந்த இருபத்தொன்பது வருஷத்தில் அவர் இடித்தது மூன்றே மூன்று. ஒரு எருமை, ஒரு கல்யாணப் பந்தலின் கால், கடைசியாக ஜூன் மாத முடிவில் கல்சங்கா பாலத்துக்கு முந்தின வளைவில் நின்றுகொண்டிருந்த பாக்கு ஏற்றிய பிக்கப் வண்டி. எருமை எழுந்து போய்விட்டது. பந்தல்காரர்கள் திட்டிவிட்டு, பிறகு சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள். மூன்றாவதுதான் அவரை ஐம்பத்து மூன்றாம் வயதில் காலேஜில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

அன்றைக்கு நல்ல மழை. பிக்கப்காரன் தார்ப்பாயின் கயிறு அவிழ்ந்துவிட்டது என்று, நிறுத்த வேறு இடமே கிடைக்காததுபோல் வளைவு முடியும் இடத்தில் நிறுத்திக் கட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸைப் பார்த்ததும் வாய்க்காலில் குதித்துவிட்டான். ஹாலப்பா பிரேக்கின்மேல் ஏறி நின்றார். சக்கரங்கள் நின்றன, பஸ் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய்ப் பிக்கப்பின் பின்னால் மோதி, அதையும் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஓய்ந்தது. மூன்று மூட்டை பிரிந்து பாக்கு ரோடெல்லாம் உருண்டது. பாக்குப் பொறுக்க ஓடிவந்தவர்கள்தான், கையோடு கையாக, தோள்பட்டை எலும்பு முறிந்த கமலாக்ஷி என்ற அம்மாளையும் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

பத்து நாள் கழித்துக் கம்பெனியில் விசாரணை நடந்தது. விசாரித்தவர் டெக்னிக்கல் மேனேஜர் தேவராய நாயக். மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். சட்டைப் பையில் எப்போதும் நான்கு பேனா வைத்திருப்பார், அதில் இரண்டு எழுதும். அவர் ஒரு அரைத்தாளை மேஜைமேல் நகர்த்தினார். அதில் ஒரு வரி கணக்கு இருந்தது. கீழே, இரண்டு கோடு போட்டு, மணிக்கு எழுபத்தொரு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது.

"அந்த ரோட்டுல அறுபதுதான் போகலாம். நீ எழுபத்தொண்ணுல வந்திருக்கே" என்றார் நாயக்.

"இல்ல ஸார். அம்பது, அம்பத்தஞ்சுக்கு மேல இருக்காது."

"மீட்டர் பார்த்தியா?"

"அந்த வண்டியில மீட்டர் முள்ளு நகர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு ஸார். இன்ஜின் சத்தம் கேட்டுத்தான் ஓட்டுறேன்."

"காது சாட்சி சொல்லாதுப்பா. டயர் தேய்ச்ச தடம் சொல்லும். ரோட்டுல இருபத்தெட்டு மீட்டர் தடம் இருக்கு. அதை ஃபார்முலாவுல போட்டா இந்த வேகம் வருது. அறிவியல்."

ஹாலப்பா அரைத்தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. "இதுல நான் எங்க ஸார் இருக்கேன்?" என்றார்.

நாயக் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இந்த வி நீதான். இது தூரம். இது புவியீர்ப்பு. இது மியூ."

"மியூன்னா?"

நாயக்குக்கு அதைச் சொல்ல விருப்பம் இல்லையா, அவருக்கே தெரியாதா என்பது விளங்கவில்லை. "அதெல்லாம் இங்க நின்னு விளக்க முடியாது. காலேஜுல போய்க் கேளு" என்றார்.

யூனியன்காரர்கள் ஹாலப்பாவைத் தனியே கூப்பிட்டு, ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடச் சொன்னார்கள். போட்டால் வண்டியை மட்டும் பிடுங்கிக்கொள்வார்கள், ஷெட்டில் டயர் கழற்றும் வேலை கொடுப்பார்கள், ரிட்டையர் ஆகும்வரை பிரச்சினை இல்லை. போடாவிட்டால் விசாரணை இழுக்கும், அதுவரை வீட்டில் இருக்க வேண்டும். ஹாலப்பா யோசித்தார். எழுபத்தொன்றில் வந்திருந்தால் கையெழுத்துப் போடலாம். வரவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? மேனேஜரே காலேஜில் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடாமல், மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனார்.

அவர் 1985-இல் பி.யு.சி. அறிவியல் பாஸ் செய்தவர். பிசிக்ஸில் நாற்பத்தொன்று. பி.எஸ்ஸி. சேர விண்ணப்பம் வாங்கி வந்த வாரத்தில் அவருடைய அப்பா தோட்டத்தில் மரத்திலிருந்து விழுந்து படுத்தார். அதோடு விண்ணப்பம் அரிசி டப்பாவுக்கு அடியில் போயிற்று. அந்த மார்க் ஷீட்டை இப்போது கவுன்ட்டரில் நீட்டினார். கிளார்க் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பையன் வரலையா?" என்றார்.

"பையன் ஹுப்ளியில வேலையில இருக்கான். எனக்குத்தான்."

கிளார்க் விதிமுறைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "குறைஞ்ச வயசு போட்டிருக்காங்க. கூடுன வயசு போடல" என்றார் வருத்தமாக. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூன்றும் சேர்ந்துதான் வரும் என்றும் சொன்னார். தனக்குப் பிசிக்ஸ் மட்டும் போதும், அதிலும் மியூ வரைக்கும் போதும் என்று ஹாலப்பா சொல்லிப் பார்த்தார். அப்படிச் சில்லறையாகத் தரமுடியாது என்று கிளார்க் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி நீலம்மா அரிசி மாவில் அக்கி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டாள்.

"இந்த வயசுல பசங்களோட பெஞ்சில போய் உட்காரப் போறீங்களா?"

"இருபத்தொம்பது வருஷமா உட்கார்ந்துதானே இருக்கேன்."

"ஊர்ல என்ன சொல்வாங்க தெரியுமா? ஹாலப்பாவுக்கு அடிபட்டது தலையிலதான்னு சொல்வாங்க."

"எனக்கு அடியே படலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் நீலம்மா. ரொட்டி கருகியிருந்தது. அதை அவருக்கே வைத்தாள்.

முதல் வகுப்பில் ஹாலப்பா முன் பெஞ்சில் வலது ஓரம் உட்கார்ந்தார். பழக்கம். பாடம் எடுக்க வந்த வினுதாவுக்கு இருபத்தேழு வயது, கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் ஜூனில் எடுப்பார்கள், ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள். வெள்ளைச் சட்டையும் நரைத்த மீசையுமாக ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பல்கலைக்கழகத்திலிருந்து சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் முடிவு கட்டினாள். அன்றைக்கு அலகுகளும் பரிமாணங்களும் பாடத்தை அவள் எடுத்ததுபோல் அந்தக் காலேஜில் யாரும் எடுத்ததில்லை. மணி அடித்தபிறகும் பத்து நிமிஷம் எடுத்தாள். முடித்துவிட்டு அவரிடம் வந்து, "குறை ஏதாவது இருந்தா சொல்லுங்க ஸார்" என்றாள்.

"மியூ எப்ப வரும் மேடம்?"

"அது... அஞ்சாவது யூனிட், ஸார். செப்டம்பர்ல வரும்."

"சரி, காத்திருக்கேன்" என்றார் ஹாலப்பா. வருகைப் பதிவேட்டில் அவருடைய பேரைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டு நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை என்று பின்னால் சொன்னாள்.

பின்னாலிருந்த பெஞ்சில் சிஞ்சனா என்ற பெண் இருந்தாள். பக்கத்துக் கிராமத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். மூன்றாம் நாள் அவள் முன்னால் எட்டிப் பார்த்து, "நீங்க ஏழரை மணி பஸ் டிரைவர் அங்கிள்தானே?" என்று கேட்டாள்.

"நீ ஃபுட்போர்டுல நின்னு வர்ற பொண்ணுதானே?"

"ஒருநாள் நான் உள்ள ஏறுற வரைக்கும் பஸ்ஸை நகர்த்த மாட்டேன்னு பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சீங்க. எல்லாரும் என்னைத் திட்டினாங்க."

"என்னையும்தான் திட்டினாங்க" என்றார் ஹாலப்பா.

அதிலிருந்து பழக்கம் ஆகிவிட்டது. புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, வினுதா கன்னடத்தில் விளக்குவாள், விளங்காததைச் சிஞ்சனா கேன்டீனில் மண்டக்கிப் பொரிப் பொட்டலத்தின்மேல் எழுதிக் காட்டுவாள். வர்க்கமூலம் அவருக்குத் திரும்பி வந்தது. சைன், காஸ் வரவில்லை. சாய்வான ரோட்டில் எது சைன், எது காஸ் என்று பதினைந்து நாள் மாற்றி மாற்றிப் போட்டார். கெமிஸ்ட்ரி வகுப்பில் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்.

பிசிக்ஸில் அவருக்கு இருந்த தொல்லையே வேறு. பாதி விஷயம் அவருக்கு முன்னாலேயே தெரியும், அதுவும் வேறு மாதிரி தெரியும். முதல் உள்தேர்வில், நிலைமம் என்றால் என்ன, உதாரணத்துடன் விளக்குக என்று கேட்டிருந்தார்கள். ஹாலப்பா ஒன்றரைப் பக்கம் எழுதினார். பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வார்கள், கைக்குழந்தைக்காரிக்கு முன் சீட்டைக் கொடுக்கக் கூடாது, மார்க்கெட் ஸ்டாப்பில் கூடையோடு ஏறுபவர்கள் கம்பியைப் பிடிக்கவே மாட்டார்கள், ஆகவே அந்த ஸ்டாப்பை விட்டதும் முதல் கியரிலேயே கொஞ்ச தூரம் போகவேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். வினுதா ஐந்துக்கு இரண்டு போட்டு ஓரத்தில், "எல்லாம் உண்மை. ஆனால் விதியை எழுதவில்லை" என்று குறித்திருந்தாள்.

உராய்வே இல்லாத தளம் என்று புத்தகத்தில் வந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்படி ஒரு ரோடு எங்க மேடம் இருக்கு?"

"எங்கயும் இல்ல. கணக்கு சுலபமா இருக்கணும்னு அப்படி வெச்சுக்கறோம்."

"அதுல பஸ் விட்டா?"

"கிளம்பவே கிளம்பாது."

ஹாலப்பா திருப்தியாக உட்கார்ந்தார். அப்படியானால் அந்த ரோட்டால் யாருக்கும் ஆபத்தில்லை.

ஐந்தாவது யூனிட் செப்டம்பரில் சொன்னபடி வந்தது. வினுதா போர்டில் மியூ எழுதினாள். இரண்டு பொருள் ஒன்றோடொன்று உரசும்போது எவ்வளவு பிடிப்பு என்பதைச் சொல்லும் எண் அது. பிடிப்பு அதிகம் என்றால் எண் பெரியது, வழுக்கல் என்றால் எண் சிறியது. அவ்வளவுதான். இரண்டரை மாதம் காத்திருந்த ஹாலப்பாவுக்கு, இதையா அந்த மனுஷன் அங்கே நின்று விளக்க முடியாது என்றார் என்று இருந்தது. அரைத்தாளைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

வினுதா படித்தாள். "தப்பில்லையே. மியூவுக்குப் புள்ளி ஏழு போட்டிருக்கார். டயருக்கும் தார்ரோட்டுக்கும் புத்தகத்துல அதுதான் இருக்கு."

"பஸ்ஸோட எடை எங்க மேடம்?"

"ரெண்டு பக்கமும் வருது, வெட்டுப்பட்டுடும்."

"அறுபது பேர் இருக்கிற பஸ்ஸும் காலி பஸ்ஸும் ஒரே தூரத்துலயா நிக்கும்? நான் ஓட்டியிருக்கேன் மேடம். நிக்காது."

"சாதாரணமா நிக்காது. சக்கரம் சுத்தாம இறுகிப்போய் வழுக்கும்போது நிக்கும்."

ஹாலப்பா இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வருஷத்தில் சக்கரம் இறுகி வழுக்கிய தடவைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் வந்து, "நீங்க சொன்னது சரி" என்றார். இன்னொன்றையும் சொன்னார். "ஆனா அன்னிக்கு மழை. அந்தப் புள்ளி ஏழு மழையில எடுத்ததா, வெயில்ல எடுத்ததா?"

வினுதா புத்தகத்தைப் புரட்டினாள். காய்ந்த ரோடு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

அந்த வாரம் லேபில் உராய்வுப் பரிசோதனை. மரப்பலகைமேல் மரக்கட்டை, கட்டையில் நூல், நூலின் முனையில் எடைக்கற்கள். எல்லாரும் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனபிறகு, ஹாலப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பலகையில் ஊற்றினார். லேப் உதவியாளர் கத்தியதைப் பொருட்படுத்தாமல் கல்லை ஏற்றினார். கட்டை நகரவில்லை. இன்னொரு கல். நகரவில்லை. காய்ந்த பலகையைவிட நனைந்த பலகையில்தான் பிடிப்பு கூடுதலாக இருந்தது. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் அப்படியே. அப்படியானால் மழையில் அவருடைய வேகம் எழுபத்தொன்றுக்கும் மேலே போகும்.

அன்று வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நீலம்மா கேட்டாள்: "என்ன ஆச்சு?"

"கட்டை நகரலை."

"நகராட்டி போகுது. சாரு ஆறுது, சோத்துல ஊத்திக்குங்க" என்றாள்.

வினுதாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "நனைஞ்ச மரம் ஊதிப் பிடிச்சுக்கும். உங்க பஸ் மரச்சக்கரத்துலயா ஓடுது? டயரை வெச்சுத் தார்ரோட்டுல பாருங்க."

ஹாலப்பா அதையும் உத்தரவாகத்தான் எடுத்துக்கொண்டார். ஷெட்டிலிருந்து தேய்ந்த டயர் ஒன்றை நண்பர்கள் மூலம் வாங்கினார். அதை அரிந்து, ஒரு பலகைக்கு அடியில் ஆணியடித்து, மேலே மணல் மூட்டை வைத்துக் கட்டினார். மொத்தம் இருபது கிலோ. பாக்கு மண்டிக்காரரிடம் கொக்கித் தராசு இரவல் வாங்கினார். ஒரு வெயில் நாளும் ஒரு மழை நாளும் பார்த்து, கல்சங்கா வளைவுக்குப் போய், தராசைக் கோர்த்து அந்தப் பலகையை ரோட்டில் இழுத்தார். சிஞ்சனா தராசைப் படித்துச் சொன்னாள். மழை நாளில் வினுதா குடை பிடித்தாள். வழியில் போன பஸ்ஸெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயின. "ஹாலப்பண்ணா, என்ன, வேலையில்லாம மணல் மேய்க்கிறியா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். "ஹார்னை அடிக்காதே, தராசு ஆடுது" என்றார் ஹாலப்பா.

வெயிலில் பதினான்கு கிலோ காட்டியது. இருபதில் பதினான்கு என்றால் புள்ளி ஏழு, புத்தகம் சொன்னபடியே. மழையில் ஒன்பது கிலோ. ரோடு பாலத்தை நோக்கி இறங்குகிற சாய்வையும் கழித்துச் சிஞ்சனா அங்கேயே கணக்குப் போட்டாள். அவளுக்கு முன்னால் ஹாலப்பா மனதில் போட்டு முடித்துவிட்டார், இந்த முறை சைன் எது என்பதில் சந்தேகம் வரவில்லை. மணிக்கு ஐம்பத்து நான்கு.

"அம்பத்தி நாலு!" என்று வினுதா குடையைக் கீழே விட்டுவிட்டுக் கை தட்டினாள். மூன்று பேரும் நனைந்தார்கள்.

அடுத்த விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. ஹாலப்பாவுக்கு மனசு லேசாகிவிட்டதில், அத்தனை நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒன்றைச் செய்யத் துணிவு வந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கமலாக்ஷியைப் பார்க்கப் போனார்.

கமலாக்ஷி பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் பெரிய பாத்திரத்தை இன்னும் தூக்க முடியவில்லை. அவரைப் பார்த்ததும் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"மூணு மாசம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? முந்நூறு பிள்ளைகளுக்கு சாம்பார் கலக்குற கை இது."

"தப்புதாம்மா."

"தப்புன்னு சொல்ல ஒரு சீப்புப் பழம். உள்ள வாங்க, காபி குடிங்க."

காபி குடிக்கும்போது அவள் நடந்ததையெல்லாம் ஒருதரம் சொன்னாள். அவள் சொல்லாமல் விடமாட்டாள் என்று அவருக்கும் தெரியும். "பிரேக் போட்டீங்க, நான் சீட்டுலேர்ந்து கீழ விழுந்தேன். அதுல ஒண்ணும் ஆகல. சரி, நின்னுடும்னு கம்பியைப் பிடிச்சு எழுந்தேன். அப்பதான் டமார்னு இடிச்சுது பாருங்க, கம்பியோட போய் மோதி, படி வரைக்கும் உருண்டேன். எலும்பு போனது அந்த ரெண்டாவது இடியிலதான்."

ஹாலப்பா காபியைப் பாதியில் வைத்தார். இருபத்தெட்டு மீட்டர் இழுத்து, கடைசியில் பஸ் பிக்கப்பைச் சும்மா தொட்டது என்றுதான் இத்தனை நாள் அவர் நினைத்திருந்தார். நினைக்க அப்படித்தான் வசதியாக இருந்தது. இந்த அம்மாளைக் கம்பியோடு தூக்கி அடிக்கிற அளவு வேகம் மிச்சம் இருந்திருக்கிறது. மிச்சம் இருந்ததென்றால் ஐம்பத்து நான்கு தப்பு. ஆரம்ப வேகம் அதற்கு மேல். எவ்வளவு மேல் என்று தெரியாது. நாயக்கும் தன் தாளில் இதைக் கவனிக்கவில்லை. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை.

"என்ன, காபி பிடிக்கலையா?" என்றாள் கமலாக்ஷி.

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக் குடித்து முடித்தார்.

இரண்டு நாள் காலேஜுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் நீலம்மாவிடம் சொன்னார். அவள் கணக்கையெல்லாம் காதில் வாங்காமல் கேட்டுவிட்டு, "அந்தம்மா சொன்னதை நீங்க எழுதலைன்னா, அந்த மேனேஜர் எழுதின தாளுக்கும் உங்க தாளுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். பிறகு, "டயர் கழட்டற வேலை கேவலமா என்ன?" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஹாலப்பா போய் வினுதாவிடம் சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது. பிறகு, "பிக்கப்பைத் தள்ளிக்கிட்டுப் போன தூரம் தெரியுமா?" என்று கேட்டாள்.

"போலீஸ் வரைபடத்துல இருக்கு. மூணு மீட்டர்."

"அப்படின்னா கண்டுபிடிக்கலாம். மோதல்னு ஏழாவது யூனிட் இருக்கு. ஆனா அது தசரா லீவு முடிஞ்சுதான் வரும். வேணும்னா நான் இப்பவே கணக்குப் போட்டுத் தர்றேன்."

"வேண்டாம் மேடம். இன்னொருத்தர் போட்டுக் குடுத்த கணக்கு ஏற்கனவே ஒண்ணு இருக்கு."

அன்றே ஹாலப்பா கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். "மோதல் பாடம் இன்னும் நடத்தப்படாத காரணத்தால், என்மீதான விசாரணையை மூன்று வாரம் ஒத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." நாயக் அதை நான்கு தடவை படித்தார். தசராவுக்கு அவரே மைசூருக்குப் போகவேண்டியிருந்ததால் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

ஏழாவது யூனிட்டை ஹாலப்பா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். மோதுவதற்கு முன் இரண்டிடமும் சேர்ந்து இருந்த உந்தம் மோதியபின்பும் அப்படியே இருக்கும் என்றார்கள். இங்கே எடை வெட்டுப்படவில்லை. பஸ்ஸின் எடை, பயணிகளின் எடை, பிக்கப்பின் எடை, பாக்கின் எடை எல்லாம் வேண்டியிருந்தது. பாக்கு எத்தனை மூட்டை என்று பிக்கப்காரனிடம் போய்க் கேட்டார், பழைய கோபத்தில் அவன் இரண்டு மூட்டை கூட்டிச் சொன்னான், ரசீதைப் பார்த்துக் குறைத்துக்கொண்டார். மூன்று மீட்டர் தள்ளியதிலிருந்து மோதலுக்குப் பிந்தைய வேகம், அதிலிருந்து மோதலுக்கு முந்தைய வேகம், அதிலிருந்து பிரேக் போட்டபோது இருந்த வேகம் என்று பின்னோக்கி நடந்து போனார். நான்கு பக்கம் ஆயிற்று. கடைசி வரியில் வர்க்கமூலம் எடுக்கும்போது பேனா நின்றுவிட்டது. சிஞ்சனா தன் பேனாவைக் கொடுத்தாள்.

மணிக்கு ஐம்பத்தெட்டு.

"அறுபதுக்குள்ள, அங்கிள்!"

"ம்" என்றார் ஹாலப்பா. மறுபடி முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்தார். மறுபடியும் ஐம்பத்தெட்டுதான்.

விசாரணையில் நாயக் நான்கு பக்கத்தையும் படித்தார். நடுவே இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ என் எழுபத்தொண்ணு தப்பா?"

"தப்பில்ல ஸார். அது வெயில்ல வர்ற பஸ்."

"இந்த மோதல் விஷயத்தை நான் விட்டுட்டேன். நீ எழுதாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. எதுக்கு எழுதின?"

"இருந்துச்சு ஸார். எழுதினேன்."

நாயக் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "சரி. அறுபதுக்குள்ளதான் வந்திருக்கே. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த மழையில, அந்த வளைவுல, அம்பத்தெட்டுல வரலாமா?"

அந்தக் கேள்வி குற்றப்பத்திரிகையில் இல்லை. பக்கத்தில் நின்ற யூனியன்காரர் பேசவேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஹாலப்பா தாளைப் பார்த்தார். பேசாமல் இருக்க அதில் வழி இல்லை.

"வரக்கூடாது ஸார். நாப்பதுல வந்திருந்தா, பிக்கப்புக்கு முன்னாலயே நின்னிருக்கும். அதையும் போட்டுப் பார்த்துட்டேன்."

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. அதிவேகக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. மழையில் வேகம் குறைக்காததை டிரைவரே ஒத்துக்கொண்டதால் எழுத்துமூலம் எச்சரிக்கை. வேகமீட்டர் பழுதான வண்டியை இரண்டு வருஷம் ஓட்டியதற்காக இன்னொரு எச்சரிக்கை. அது பழுது என்று அவர் பதினோரு தடவை எழுதிக் கொடுத்திருந்த காகிதங்கள், அது பழுது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரமாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அடுத்த திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம்.

யூனியன்காரர்கள் மாலை போட வந்தார்கள். ஹாலப்பா முதலில் கமலாக்ஷியின் வீட்டுக்குப் போய் நாற்பதில் வந்திருந்தால் நின்றிருக்கும் என்பதை அவளிடமும் சொல்லிவிட்டு வந்தார். "இதை யாரும் உங்களைக் கேக்கலையே" என்றாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை விறகு வருகிறது, தன்னால் இறக்க முடியாது, வந்து இறக்கிக் கொடுங்கள் என்றாள். போய் இறக்கிக் கொடுத்தார்.

வேலை கிடைத்துவிட்டதால் காலேஜை விட்டுவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் எட்டாவது யூனிட்டில் சுழலும் பொருள்கள் பற்றி வந்தது, வளைவில் வண்டி ஏன் வெளிப்பக்கம் இழுக்கிறது என்று அதில் இருந்தது. அதற்காக ஒரு வாரம் இருந்தார். அதற்கப்புறம் பரீட்சைக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி வந்துவிட்டது. நீலம்மா, கேட்காமலே, மார்க் ஷீட் பிரதியையும் போட்டோவையும் எடுத்து வைத்திருந்தாள்.

டிசம்பரில் பரீட்சை எழுதினார். மேற்பார்வைக்கு வந்தவர் அவரை எழுந்து வணங்கிவிட்டு, பிறகு ஹால் டிக்கெட்டைக் கேட்டார்.

ஜனவரியில் ரிசல்ட் வந்தபோது அவர் மார்க்கெட் ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார். சிஞ்சனா படியேறி உள்ளே வந்து, போனைக் காட்டினாள். பிசிக்ஸில் அறுபத்து மூன்று. கணக்கில் முப்பத்தாறு, பாஸ். கெமிஸ்ட்ரியில் பதினொன்று.

"கெமிஸ்ட்ரி போயிடுச்சு, அங்கிள்."

"அது வந்தாத்தானே போறதுக்கு" என்றார் ஹாலப்பா.

பின்னாலிருந்து யாரோ, எடுக்கிறீங்களா இல்லையா, ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கத்தினார்கள். அவர் முதல் கியரைப் போட்டு மெதுவாக எடுத்தார்.

மறுநாள் நாயக்கிடம் போய், இரண்டாம் செமஸ்டர் முழுக்கத் தனக்கு மதிய ஷிப்ட் போட வேண்டும் என்று கேட்டார்.

"அதான் எல்லாம் முடிஞ்சுதேப்பா. இன்னும் என்ன படிப்பு?"

"மின்சாரம் ஸார்."

"மின்சாரத்துல உன்மேல என்ன கேஸ்?"

"கேஸ் ஒண்ணும் இல்ல" என்றார் ஹாலப்பா. "என்னன்னு பார்க்கலாம்னு."

நாயக் ஷிப்ட் நோட்டை இழுத்து, எழுதாத பேனாவால் இரண்டு தடவை கீறிப் பார்த்து, அடுத்த பேனாவை எடுத்து, அவர் பேரை மதியத்துக்கு மாற்றினார்.